கணுக்கால் கணக்கு

ஐந்து கட்டப் பந்தயம்.
என் வேலை ஐந்து நாளும் ஒன்றுதான்:
முடிவுக்கோட்டுக்கு நாலடி தள்ளி முட்டி போட்டு
வருகிறவள் காலிலிருந்து சிப்பை அவிழ்ப்பது.
இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று.
அறுபத்தொரு பெண்கள், நூற்று இருபத்திரண்டு சிப்.
ஒன்று தொலைந்தாலும் முந்நூறு திர்ஹம்
உன் கணக்கில்தான் என்றார் அன்சர்.
சொல்லும்போது சிரித்தார்.
அவர் சிரித்தால் அது விளையாட்டில்லை.

முதல் கட்டம் துபாயில்,
ஒரு மாலுக்குள் அடைத்து வைத்த பனியில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றபடி
வேடிக்கை பார்த்தது கூட்டம்.
இந்தப் பக்கம் வாடகை ஜாக்கெட்டுக்குள் நான்
என் மூச்சை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.
பனி அன்றோடு சரி.
மறுநாளிலிருந்து சறுக்குப் பலகைக்குக் கீழே சக்கரம்:
அல் குத்ராவின் சைக்கிள் பாதை, ஹத்தா அணைக்கட்டு,
அப்புறம் ராஸ் அல் கைமா கடற்கரைச் சாலை.
தார் மேல் கம்புகள் குத்திக்கொண்டே வரும்,
பூட்டிய கடையை யாரோ தட்டுகிற மாதிரி.

முகங்கள் எனக்குத் தெரியாது. நிமிர நேரமில்லை.
கணுக்கால்களைக் கேளுங்கள், சொல்கிறேன்.
நார்வேக்காரிக்கு வலதில் பழைய தையல்.
செக் நாட்டுப் பெண்ணின் சாக்ஸுக்குள் ஒரு சிறிய சாவி.
ஒருத்தி தினமும் என் தோளைப் பிடித்துத்தான் நின்றாள்;
அவள் நடுக்கம் என் முட்டிவரை இறங்கியது.
யாங்ஜி, நேபாளம்.
பட்டியலில் கடைசிப் பெயர்,
நான்கு நாளும் கடைசிக் கால்கள்.

கடைசி நாளுக்கு ஒரு விதி.
இதுவரை பிந்திய நிமிடங்களையெல்லாம் கூட்டி
அத்தனை பின்னால்தான் கிளம்ப விடுவார்கள்.
முதல் பெண் போய் இருபத்தாறு நிமிடம்
யாங்ஜி சும்மா நிற்க வேண்டும், கம்பை ஊன்றிக்கொண்டு.
இதை விளக்க அன்சர் பத்து விரலையும் மடக்கினார்.
ஏஜென்டிடம் கடன் எழுதிக் கொடுத்து
விமானம் ஏறியவனுக்கு
அவ்வளவு விரல் தேவையில்லை.

ஜெபல் ஜைஸ். மலை உச்சிவரை ஒரே ஏற்றம்.
ஜெயித்தவள் வந்தாள், கொடி வந்தது, கேமரா வந்தது.
அறுபது பேர் வந்து முடித்து பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.
தட்டில் இரண்டு குழி மட்டும் காலி.
காற்றடைத்த வளைவை அவிழ்த்துவிட்டார்கள்,
அது பெருமூச்சு விட்டுச் சாலையில் படுத்தது.
"சிப்பை ஹோட்டலில் வாங்கிக்கலாம், ஏறு" என்றார் அன்சர்.
மாட்டேன் என்றேன்.
பாசம் ஒன்றுமில்லை.
இரண்டு முந்நூறு அறுநூறு.

அப்போது வாக்கி-டாக்கியில் ஒரு குரல்:
"ஐயோ!"
விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல், அதே சொல்.
கூர்ந்து கேட்டால் ஐயோ இல்லை, ஆயோ.
ஆயோ, ஆயோ.
ஒவ்வொரு வளைவிலும் தடுப்புக்கு நிற்கும் காவலாளிகள்,
தாபாக்கள், ராய்கள், குருங்குகள்,
பணி முடிந்தது என்று சொன்ன பிறகும் இறங்காதவர்கள்,
வந்துவிட்டாள் என்று
கீழ் வளைவிலிருந்து மேல் வளைவுக்கு
அவளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.
பதினொன்று: ஆயோ.
பன்னிரண்டு: ஆயோ.
பதின்மூன்றில் யாரோ விசிலே அடித்துவிட்டான்.
பந்தய அலுவலர் ஆங்கிலத்தில் அதட்டினார்.
பதினான்கு, தாழ்ந்த குரலில்: ஆயோ.

படுத்துக் கிடந்த வளைவைச் சுற்றிக்கொண்டு
மூடுபனிக்குள்ளிருந்து வந்தாள்.
சுருட்ட மறந்த பாயில் சக்கரம் பட்டதும்
கருவி பீப் என்றது.
அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.
இடது. வலது. வெல்க்ரோ கிழிகிற சத்தம்.
தோலில் சிப்பின் சதுரம் சிவப்பாகப் பதிந்திருந்தது.
கடைசிக் குழியை நிரப்பி
"நூற்று இருபத்திரண்டு" என்றேன்,
எனக்கு நானே, எனக்குத் தெரிந்த இந்தியில்.

தன் இடத்தைச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ,
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து
மூச்சு வாங்க வாங்கத் திருத்தினாள்:
இல்லை, அறுபத்தொன்று.